திறக்காத பெட்டியின் விலை

எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் பழசானதால் விலை இறங்கியதில்லை. ஐயா கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய சைக்கிளை இருபது வருடம் ஓடிவிட்டு, வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த மோட்டாரும் அப்படித்தான் போனது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பு லொறி வருவது இன்றைக்கு உண்டு, நாளைக்கு இல்லை என்றாகிவிட்டது. அதனால் யாழ்ப்பாணத்துக்குள் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட சைக்கிள், மோட்டார், தையல் மெசின் எல்லாவற்றுக்கும் வருடத்துக்கு வருடம் மவுசு ஏறியது. துருப்பிடித்த சைக்கிள் றிம்முக்குக்கூட ஆள் தேடி வந்து விலை கேட்டார்கள்.

ஐயா கச்சேரியில், அதுதான் அரசாங்கக் கந்தோரில், கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இணுவிலில் வீட்டோடு சேர்ந்த தோட்டத்தில் புகையிலையும் மிளகாயும் போட்டார். வாங்கியதை வைத்திரு, பாவிக்காமல் வைத்திருந்தால் இன்னும் நல்லது என்பதுதான் அவர் தன் வாழ்க்கையில் கண்டுபிடித்த பொருளாதாரம். அதில் அவர் ஒருமுறையும் தோற்றதில்லை. எங்கள் அலுமாரியில் தேத்தண்ணி காணாத கோப்பைகள் இருந்தன, கட்டிலைக் காணாத பெட்சீற் இருந்தது. நானும் ஐயா பெற்ற பிள்ளைதானே. பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த பேனையை மை நிரப்பாமலே நாலு வருடம் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தவள். ஆகவே பழி முழுவதையும் ஐயாவின் தலையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. பாதியைக் கொட்டலாம்.

எண்பத்தாறில் அண்ணை அரபு நாட்டிலிருந்து லீவில் வந்தபோது ஒரு கொம்பியூட்டர் கொண்டுவந்தார். இரண்டு பெட்டிகள். பெரியதில் இயந்திரமும் தட்டி எழுதுகிற எழுத்துப் பலகையும், சின்னதில் திரை. கொழும்பிலிருந்து வெங்காய லொறி ஒன்று திரும்பி வரும்போது அதில் ஏற்றி, தானும் அதன் மேலேயே குந்தியிருந்து வந்தார். நான் அப்போது உயர்தரம் எழுதி, பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதாமல் வீட்டில் இருந்தேன். கண்ணைச் சுற்றிப் புழுதியோடு வந்து இறங்கி, “தங்கச்சி, இது உனக்குத்தான். இனிமேல் எல்லாம் இதிலைதான்” என்றார் அண்ணை. அவர் வீட்டில் நின்ற பத்து நாளும் ஊரில் கரண்ட் இருக்கவில்லை. எங்கேயோ ட்ரான்ஸ்போமர் ஒன்று அடிபட்டிருந்தது. பெட்டிகளைச் சுவரோடு அடுக்கிவைத்துவிட்டு அவர் திரும்பப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கென்று ஒரு சாமான் வீட்டுக்குள் வந்தால் அது சீதனம். அதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அண்ணை படிப்பதற்கு என்று கொண்டுவந்தது, அவருடைய பஸ் முற்றவெளி தாண்டுவதற்குள் என் காணி, என் சங்கிலி, என் காப்பு இருக்கிற வரிசையில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஐயா இரண்டு பெட்டிகளையும் பொலித்தீனால் சுற்றி, கறையான் ஏறாமல் நாலு செங்கல் வைத்து அதன் மேல் ஏற்றினார். மூலைகளில் பூச்சி உருண்டை வைத்தார். அந்தக் காலத்தில் அது ஒரு புது மோட்டார் சைக்கிளின் விலை பெறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஐயா போகிற போக்கில் பெட்டியைத் தட்டி, “இதுக்குள்ளை ஒரு மோட்டார் சைக்கிள் நிக்குது” என்பார்.

நான் பட்டணத்தில் ஒரு ரியூட்டரியில் கொம்பியூட்டர் படிக்கப் போனேன். எட்டுப் பேருக்கு ஒரு இயந்திரம். ஒருவருக்குக் கால் மணித்தியாலம் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் கொப்பியில் புரோகிராம் எழுதிக்கொண்டு முறைக்குக் காத்திருப்போம். கரண்ட் போனால் அன்றைய கால் மணியும் போச்சு. வீட்டில் முழு இயந்திரம் ஒன்றைச் செங்கல்லில் ஏற்றி வைத்துவிட்டு, அதேபோன்ற இயந்திரத்தின் கால் மணிக்காகச் சைக்கிள் உழக்கிக்கொண்டு பட்டணம் போய் வந்தவள் யாழ்ப்பாணத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் கெதியில் பிடித்துக்கொண்டேன். படிப்பிக்கிறவர் வராத நாட்களில் மற்றவர்களுக்கு நானே காட்டிக்கொடுத்தேன். அப்போதுதான் அந்த ஆசை வந்தது.

எங்கள் ஒழுங்கையிலும் கோண்டாவில் பக்கத்திலும் படிக்க ஆசையுள்ள பெட்டைகள் இருந்தார்கள். சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பட்டணம் போக வீடுகளில் விடமாட்டார்கள். எங்கள் முன் அறையில் இயந்திரத்தை வைத்தால் நான் அவர்களுக்குப் படிப்பிக்கலாம். இரண்டு தாய்மார் என்னிடம் வந்து கேட்டும் விட்டார்கள். எனக்கு அதைவிட வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஐயா சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் பார்க்கிற நேரமாகப் பார்த்துக் கேட்டேன்.

“ஐயா, பெட்டியைத் திறப்பமோ? நான் வீட்டிலையே வகுப்பு எடுப்பன்.”

“என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? திறந்தால் பாதி விலை போச்சு.”

“பாவிக்கத்தானே ஐயா அண்ணை தந்தவர்.”

“கொண்ணன் தந்தது உன்ரை நன்மைக்கு. ஊர்ப் பெட்டையள் வந்து தட்டி உடைக்கிறதுக்கில்லை. பொறு. நேரம் வரேக்கை எல்லாம் நடக்கும்.”

பொறு என்பது எங்கள் வீட்டில் ஒரு பதில் இல்லை, அது ஒரு காலநிலை. அண்ணையும் கடிதத்துக்குக் கடிதம் ‘திறந்தாச்சோ?’ என்று கேட்டு எழுதினார். கடிதம் வந்து சேர இரண்டு மாதம், பதில் போய்ச் சேர இரண்டு மாதம். ‘பத்திரமாக இருக்கிறது’ என்று ஐயா அழகான கையெழுத்தில் பதில் எழுதினார்.

எண்பத்தேழு ஐப்பசியில் ஷெல் அடி தொடங்கியதும் ஊரே கந்தசாமி கோயிலுக்கு ஓடியது. அம்மா அரிசிச் சாக்கைத் தூக்கினாள். நான் உடுப்பையும் காணி உறுதிகளையும் தூக்கினேன். ஐயா பெரிய பெட்டியைச் சைக்கிள் கரியரில் வைத்து ரியூப் றப்பரால் இழுத்துக் கட்டினார். கோயில் மண்டபத்தில் எங்களையும் பெட்டியையும் விட்டுவிட்டு, சின்னப் பெட்டியை எடுக்கவென்று திரும்பப் போனார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அரைமணித்தியாலம் கழித்து, வெறும் காலோடு, பெட்டியை நெஞ்சில் அணைத்தபடி அவர் வந்தார். செருப்பு எங்கேயோ கழன்று போயிருந்தது. கால் நீட்ட இடமில்லாத மண்டபத்தில் எங்கள் இரண்டு பெட்டிகளும் இரண்டு பேரின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் படுத்திருந்த மனிசி ஒருத்தி தன் குழந்தையைச் சற்று ஒரு பெட்டியின் மேல் இருத்தினாள். ஐயா, “பிள்ளையை எடணை, உது பாரம் தாங்காது” என்றார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. இத்தனை பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிற இடத்தில், நாங்கள் ஒரு மோட்டார் சைக்கிளின் விலையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தோம்.

அடுத்த வருடம் கொஞ்சம் அமைதி வந்தது. அந்த நாட்களில் ஒருநாள் நெல்லியடியிலிருந்து ஒரு மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அங்கே சொந்தமாக ரியூட்டரி நடத்துகிறவர். கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்க நினைத்தார். நான் படித்த இடத்தில் என்னைப் பற்றியும் எங்கள் பெட்டியைப் பற்றியும் விசாரித்துவிட்டு வந்திருந்தார். இயந்திரத்தை ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்கே வாங்கிக்கொள்வார், அதில் படிப்பிக்க என்னையும் எடுப்பார். இதைவிட என்ன வேண்டும்? நான் தேத்தண்ணி போட அடுப்படிக்குள் போனேன். அன்றைக்கு அலுமாரிக் கோப்பைகளையே எடுத்தேன்.

“எல்லாம் சரி ஐயா. ஒருக்கால் போட்டுப் பாத்திட்டு எடுப்பம்” என்றார் மாஸ்டர்.

ஐயாவின் முகம் மாறியது. “போட்டுப் பாக்கிறதெண்டால் திறக்கவேணும் எல்லே?”

“திறக்காமல் எப்பிடி ஐயா பாக்கிறது?”

“திறந்தால் அது செக்கண்ட் ஹாண்ட், தம்பி. நீர் திறந்து பாத்துப்போட்டு வேண்டாமெண்டு போனால், பேந்து ஆர் வாங்குவினம்?”

“வேலை செய்யுதோ எண்டு தெரியாமல் இவ்வளவு காசை எப்பிடி ஐயா நான் தாறது?”

“புதுச் சாமான் வேலை செய்யாமல் என்ன?”

இரண்டு பேரும் நல்ல மனிதர்கள், இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அந்தப் பேச்சு முடியவில்லை. ‘பேந்து ஆர் வாங்குவினம்’ என்று ஐயா சொன்ன வசனத்தை நான் முன்னரும் கேட்டிருக்கிறேன். எனக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்கள் பெண்ணை நேரில் பார்க்கக் கேட்டபோது அம்மா சொன்னது அது. பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் பிறகு யார் வருவார்கள், முதலில் படத்தைப் பார்க்கட்டும், சாதகத்தைப் பார்க்கட்டும். என்னையும் பெட்டியையும் ஒரே முறையில்தான் வைத்திருந்தார்கள். கோபம் வந்தது. வந்த கோபத்தை வைத்துக்கொண்டு நான் செய்தது, வெறும் கோப்பைகளைத் தட்டில் அடுக்கியதுதான்.

போகும்போது மாஸ்டர் படியில் நின்று ஒன்று சொன்னார். “ஐயா, இது தண்ணி மோட்டார் இல்லை. வைச்சிருக்க வைச்சிருக்க விலை ஏறாது.” ஐயா சிரித்தார். மாஸ்டர் ஒழுங்கை திரும்பியதும், “விலையைக் குறைக்கிறதுக்குச் சொல்லுற பகிடி” என்றார்.

எட்டு மாதம் கழித்து மாஸ்டர் திரும்ப வந்தார். கொழும்புக்குப் போய் வந்திருந்தார். கையில் வழவழவென்று ஒரு வண்ணத் தாள். கொழும்புக் கடைகளில் புது மாதிரி வந்துவிட்டது என்றார். பெட்டி பாதிதான் இருக்கும், ஆனால் எல்லாவற்றையும் உள்ளேயே சேமித்து வைக்கும், ஒவ்வொரு முறையும் பிளொப்பித் தட்டுகளை மாற்றிப் போடத் தேவையில்லை. திரையில் பச்சை எழுத்துக்குப் பதிலாக எல்லா நிறமும் வரும். எங்களுடையதைப்போலப் பழைய மாதிரிகளைக் கந்தோர்கள் இரண்டு மூன்றாக வெளியே தள்ளுகின்றன, கேட்பதற்கு ஆளில்லை. ஐயா தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

“பாரம் எவ்வளவு வரும்?”

“உங்கடையின்ரை பாதி வராது ஐயா.”

“பாத்தீரே!” என்றார் ஐயா. “இப்பத்தைச் சாமானிலை உறுதி இல்லை. இதைத் தூக்கிப் பாரும், ரெண்டு பேர் வேணும்.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் புது மாதிரி ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அதில் படிப்பிக்கவும் கொழும்பில் வேலை செய்த ஒருவர் வருகிறாராம். “தங்கச்சி படிச்சது பழையதிலைதானே” என்றார், குரலில் கொஞ்சம் வருத்தத்தோடு. விலை இறங்கியது பெட்டிக்கு மட்டும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கொப்பி கொப்பியாக நான் எழுதிப் படித்ததும் அதோடு சேர்ந்து இறங்கியிருந்தது.

ஆனாலும் அவர் வெறும் கையோடு என்னை விட்டுவிட வரவில்லை. தொடக்கப் பிள்ளைகள் எழுத்துத் தட்டிப் பழகப் பழைய மாதிரி போதும். அதைத் திறந்து பார்க்காமலே எடுக்கிறேன், தங்கச்சி வந்து அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். விலை என்ன என்று ஐயா கேட்டார். மாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்ன தொகை ஒரு நல்ல சைக்கிளின் விலை.

ஐயா எழும்பிவிட்டார். “சைக்கிள் காசுக்கோ? ஷெல்லுக்குள்ளாலை தூக்கிக்கொண்டு ஓடின சாமான் இது!”

“எனக்கு விளங்குது ஐயா. ஆனால் தூக்கிக்கொண்டு ஓடினதுக்கு ஒருதரும் விலை போட மாட்டினம்.”

அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். ‘குடுங்கோ ஐயா, எனக்கு இந்த வேலை வேணும்’ என்று ஒரு வசனம். ஒரு வசனம்தான். இன்றைக்கும் சமையல் செய்யும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்த வசனம் வாயில் வந்து நிற்கும். அன்றைக்கு வரவில்லை. என் பங்கு என்று நான் சொன்ன பாதிப் பழி அங்கேதான் கிடக்கிறது. மாஸ்டர் வண்ணத் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதைச் சீனிப் போத்தலுக்குக் கீழே விரித்தாள்.

அதற்குப் பிறகும் வந்த சம்பந்தங்களில் தரகர் ‘ஒரு கொம்பியூட்டரும் உண்டு’ என்று சொல்லிக்கொண்டுதான் திரிந்தார். ஒரு மாப்பிள்ளை வீட்டார் அதை விற்றுக் காசாகத் தரச் சொன்னார்கள். இன்னொரு வீட்டார் அதற்குப் பதில் தண்ணீர் மோட்டார் கேட்டார்கள். இரண்டும் சரிவரவில்லை.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் கரண்ட் நின்றது. சில நாளில் வரும் என்றார்கள், சில மாதத்தில் என்றார்கள், பிறகு அதைப்பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். நெல்லியடியில் மாஸ்டரின் புது மாதிரியும் துணி போட்டு மூடப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அதில் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பாவம்; சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் பொய். பற்றரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் ரேடியோச் செய்தி கேட்கிற காலம் அது. எங்கள் ரேடியோவும் இரைந்துகொண்டே இருந்தது. ஐயா இருட்டோடும் விலையோடும் சமாளித்தார். செய்தி கேட்காமல் மட்டும் அவரால் இருக்க முடியவில்லை.

தொண்ணூற்றொன்றில் ஒரு காலைப்பொழுது ரேடியோ திருத்துகிறவர் ஒருவர் வந்தார். பெட்டிக்குள் இருக்கிற சில சின்னப் பாகங்கள் தனக்கு வேண்டும், அவற்றைக் கழற்றித் தந்தால் எங்கள் ரேடியோவை இரைச்சல் இல்லாமல் ஓடச்செய்து, இரண்டு போத்தல் மண்ணெண்ணெயும் தருகிறேன் என்றார். ஐயா பெட்டியைப் பார்த்தார். பிறகு, “கழட்டும்” என்றார். இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஐந்து வருடம் நான் கேட்ட ஒன்று, இரண்டு போத்தல் மண்ணெண்ணெய்க்கு ஒரு சொல்லில் முடிந்தது.

அவர் பொலித்தீனை உரித்து, பெரிய பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நாங்கள் ஒருநாளும் அதைக் கவிழ்த்ததில்லை. மேல் பக்கம் எதுவென்று அம்புக்குறி போட்டிருந்தது. அடியில் கொம்பனி ஒட்டிய ரேப் பிளேட்டால் கீறப்பட்டு, அதன் மேல் மண்ணிற ரேப் கோணலாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் நீல மையில் ஒரு முத்திரை.

“இது சுங்கத்திலை திறந்து பாத்த பெட்டி எல்லே” என்றார் ரேடியோக்காரர். “விமான நிலையத்திலையே திறந்திருக்கிறாங்கள்.”

ஐயா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் ரேப்பைத் தடவினார். அண்ணைக்கு இது தெரிந்திருக்கும். சொல்லவேண்டிய ஒரு விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. ஐயா கதிரையில் போய் இருந்தார்.

எழுத்துப் பலகையை ரேடியோக்காரர் தேவையில்லை என்று ஒரு பக்கம் வைத்தார். நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு விரலும் படாத எழுத்துகள். என் விரல்கள் தங்கள் இடங்களைத் தாங்களே தேடிப் போய் இருந்தன. நான் எதையோ தட்டத் தொடங்கினேன். சத்தம் கேட்டு ஐயா திரும்பினார். பார்க்காமல் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உது என்ன செய்யும் பிள்ளை?” என்று கேட்டார்.

அந்தச் சாமான் என்ன செய்யும் என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சொன்னேன். கடிதம் எழுதலாம், பிழை விட்டால் தாளைக் கிழிக்காமல் திருத்தலாம். கச்சேரியில் ஐயா ஒரு கிழமை குந்தியிருந்து போடுகிற அட்டவணையை ஒரு பின்னேரத்தில் போட்டுவிடும். ஒரு இலக்கத்தை மாற்றினால் மற்றதெல்லாம் தானாகவே மாறும். ஐயா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் ஆசை வந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

“உனக்கு உதெல்லாம் தெரியுமோ?”

“ஓம் ஐயா.”

அவர் கழற்றிப்போட்ட ஆணிகளைப் பார்த்தார். பிறகு, தனக்கு அந்த நிமிடத்தில் தோன்றிய ஒரு புது யோசனையைச் சொல்வதுபோலச் சொன்னார்:

“அப்ப நீ இஞ்சையே வீட்டிலை வைச்சு ஆருக்கும் படிப்பிச்சிருக்கலாமே. ஏன் பிள்ளை ஒரு சொல் சொல்லேல்லை?”

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் பொய் இல்லை, சாட்டுப்போக்கு இல்லை. நான் கேட்டது ஒன்றுமே அவருடைய நினைவில் இருக்கவில்லை. கத்தவேண்டும் போல இருந்தது. எழுத்துப் பலகையைத் தூக்கி முற்றத்தில் எறியவேண்டும் போல இருந்தது. களைப்பு அதைவிடக் கூடுதலாக இருந்தது.

“சொல்லியிருக்கலாம் ஐயா” என்றேன்.